வயிற்றுக்குள் டெரிலீன்!

டெரிலீன் சட்டை ஞாபகமிருக்கிறதா? கசங்காது, லேசில் கிழியாது, வெயிலில் போட்டால் வெந்துபோவோம். அதே பாலியஸ்டருக்கு அமெரிக்காவில் டேக்ரான் என்று பெயர். 1950-களில் ஹூஸ்டன் சர்ஜன் மைக்கேல் டிபேக்கி, நைலான் வாங்கக் கடைக்குப் போனார். ஸ்டாக் இல்லை. கிடைத்தது டேக்ரான். அதை மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார். சின்ன வயசில் அம்மா கற்றுக்கொடுத்த தையல்!

வயிற்றில் ஓடும் மகாதமனி பலூன் மாதிரி வீங்கினால், அது வெடிப்பதற்குள் அங்கே துணிக்குழாய் வைத்துத் தைத்துவிடலாம். அதன் புண்ணியத்தில் பிழைத்தவர்கள் லட்சக்கணக்கில்.

வில்லன், கிருமி. நூறில் சில பேருக்கு அது நெசவின் இடுக்கில் குடியேறி, கொழகொழவென்று ஒரு போர்வையும் போர்த்திக்கொள்ளும். ஆன்டிபயாடிக் உள்ளே நுழையத் திணறும். ஆபரேஷன் முடிந்து வருஷங்கள் கழித்துக்கூட வரலாம். குழாய் வைத்த அப்பாவுக்குக் காரணமில்லாத காய்ச்சல், தொடை இடுக்கில் வீக்கம், சீழ் என்றால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். தையல் விட்டால் ரத்தம் கொட்டி ஆளே போய்விடுவார்.

கழற்றி எறியலாமே? எறிந்தால் கால்களுக்கு ரத்தம் ஏது? அதே இடத்தில் புதுத் துணி வைத்தால் அதையும் கிருமி பிடித்துக்கொள்ளலாம். பழைய வழி, மகாதமனியை மூடிவிட்டு, அக்குளிலிருந்து தோலுக்கடியில் குழாய் இழுத்துத் தொடையில் சேர்ப்பது. பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கிற கதைதான். மூடிய முனை பிற்பாடு வெடிக்கும் அபாயம் வேறு.

1993-ல் டல்லாஸ் டாக்டர் கிளாகெட் குழு எழுதிய வழி, நோயாளியின் தொடைக்குள் ஆழத்தில் ஓடும் சிரையையே எடுத்து வயிற்றில் பொருத்துவது. சொந்தச் சதை, கிருமிக்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் ஆபரேஷன் மணிக்கணக்கில் நீளும். பேஷன்ட்டோ ஏற்கெனவே துவண்டு கிடப்பவர். காலும் கொஞ்சம் வீங்கலாம். இறந்தவர்கள் தானம் தந்த தமனியை உறையவைத்தும் உபயோகிக்கிறார்கள். வேண்டும்போது, வேண்டிய அளவில் கிடைக்கணுமே!

எனக்குப் பிடித்தது, மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் ஜவ்வு. இதய வால்வு செய்யப் பல வருஷமாகப் பயன்படுவதுதான். பதப்படுத்திய ஷீட்டாக அலமாரியில் தயாராக இருக்கும். ஆபரேஷன் தியேட்டரிலேயே சர்ஜன் வேண்டிய சைஸுக்குச் சுருட்டிக் குழாயாகத் தைத்துக்கொள்வார். மறுபடி தையல் வேலை! கிருமி திரும்பவே வராது என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. திரும்பிய கேஸ்களும் உண்டு. வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் தொடரவேண்டும். மாடு என்றால் வேண்டாம் என்பவர்கள் நம்மூரில் நிறைய. அவர்களிடம் முன்னாலேயே சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் மரியாதை. மயக்க மருந்து கொடுத்த பிறகு யாரைப் போய்க் கேட்பது?