சுற்றி வைப்பதில் இருக்கிறது சூட்சுமம்

ராமகுப்பம், குப்பம் வட்டாரத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்போருக்குக் கூட்டின் விந்தை தெரிந்ததுதான். கட்டை விரல் அளவே உள்ள கூட்டில் பல நூறு மீட்டர் இழை சுற்றிக் கிடக்கிறது. ஒழுங்காகச் சுற்றப்பட்டிருப்பதால், நூற்கும்போது அறுபடாமல் வருகிறது.

இதையும் மிஞ்சிய சுற்று வேலை கள்ளுப் பானையில் நடக்கிறது. கள்ளைப் பொங்கச் செய்வதும், ரொட்டி மாவை உப்பச் செய்வதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். ஒரே உயிரணுதான் அதன் உடல். அந்த உயிரணுவின் உட்கரு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு அகலமே உள்ளது. அதற்குள் 16 குரோமோசோம்களாக அடங்கியிருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டி வைத்தால் சுமார் 4 மில்லிமீட்டர் வரும். உட்கருவின் அகலத்தைப் போல் இரண்டாயிரம் மடங்கு!

இது எப்படி அடங்குகிறது? 1974-ல் ரோஜர் கார்ன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு விடை கூறினார். ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளை ஆகின்றன. நூல் கட்டையில் நூலைச் சுற்றுவது போல் டி.என்.ஏ. அதன் மேல் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. ஓர் உருளையில் 147 எழுத்து நீளம் அடங்கும். இந்த அமைப்புக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இவை மணி கோத்த மாலை போல் இழை நெடுகிலும் வரிசையாக நிற்கின்றன.

திறந்த கதவும் மூடிய கதவும்

இடத்தை மிச்சம் பிடிப்பதோடு இந்த ஏற்பாட்டின் வேலை முடிந்துவிடவில்லை. உருளையில் இறுகச் சுற்றிய பகுதியை உயிரணு எளிதில் படிக்க முடியாது. ஆகவே, ஜீன் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பெரும்பாலும் உருளையற்ற வெளி ஒன்று விடப்பட்டிருக்கிறது. 'ஏ' என்ற எழுத்தே தொடர்ந்து வரும் இடங்களில் இழை விறைத்து நிற்கும்; உருளையில் வளைய மறுக்கும். அங்கே கதவு திறந்தே இருக்கும்.

கைக்குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படியும் காண்டிடா அல்பிகான்ஸ் என்பதும் ஒரு வகை ஈஸ்ட்தான். காற்றைச் சுவாசித்து வளர்வது அதன் வழக்கம். கள்ளு ஈஸ்டோ, சர்க்கரை மிகுதியாகக் கிடைத்தால், காற்று இருந்தாலும் அதைச் சாராயமாக மாற்றும். சுவாசத்துக்கான ஜீன்கள் இரண்டிலும் உண்டு. 2009-ல் இரண்டையும் ஒப்பிட்டபோது, அந்த ஜீன்களின் வாசல் காண்டிடாவில் திறந்தும், கள்ளு ஈஸ்டில் உருளைகளால் மூடியும் இருப்பது தெரிந்தது. 2010-ல் 12 வகை ஈஸ்டுகளை ஆராய்ந்தவர்களும், பரிணாமப் பாதையில் இந்த உருளைகளின் இருப்பிடம் மாறி வந்ததையும், அத்துடன் ஜீன்களின் நடத்தை மாறியதையும் கண்டார்கள்.

பெங்களூர் ஆராய்ச்சி

உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமையும் பிடித்து இழுக்க ஒரு பிடி வேண்டும். அதன் பெயர் சென்ட்ரோமியர். கள்ளு ஈஸ்டில் இது சுமார் 125 எழுத்து நீளம்; 16 குரோமோசோம்களிலும் ஒரே மாதிரி. காண்டிடாவிலோ மூவாயிரம் எழுத்துக்களுக்கு மேல். எட்டு வகைக் குரோமோசோம்களிலும் எட்டு விதம்! இதை 2004-ல் கௌஸ்துவ் சன்யால், மேரி பாம், ஜான் கார்பன் ஆகியோர் வெளியிட்டனர். அதே எழுத்துக்களை வெறும் டி.என்.ஏ.வாக உள்ளே செலுத்தினால் பிடி உண்டாவதில்லை என்று 2006-ல் தெரிந்தது. எழுத்து மட்டும் போதாது. அங்கே வழிவழியாக அமர்ந்து வரும் தனி வகை ஹிஸ்டோனே பிடியின் அடையாளம்.

சன்யால் பின்னர் இந்த ஆராய்ச்சியைப் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் தொடர்ந்தார். குப்பத்தில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் சேரக்கூடிய ஊர் அது.

இதனால் நோயாளிக்கு என்ன? காண்டிடா சில சமயம் குரோமோசோமைப் பிடியருகே முறித்து, ஒரே பாதியை இரட்டித்துக்கொள்கிறது. ப்ளூகோனசோல் மருந்தை எதிர்க்கும் ஜீன்கள் அந்தப் பாதியில் இருந்தால், மருந்து பலிப்பதில்லை. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கண்டறியப்பட்ட காண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கும் அடங்காமல் இந்திய மருத்துவமனைகளிலும் தலைகாட்டியிருக்கிறது.

பூஞ்சையின் உயிரணு மனித உயிரணுவைப் பெரிதும் ஒத்தது. எனவே, அதை மட்டும் கொல்லும் மருந்து கிடைப்பது அரிது. ஆனால் பிடியோடு இணையும் 'டாம்1' என்ற புரதக் கூட்டம் பூஞ்சைகளில் உண்டு, மனிதரிடம் இல்லை. அது இல்லாமல் காண்டிடா அல்பிகான்ஸ் பிழைப்பதில்லை என்பதைப் பெங்களூர் குழுவினர் 2011-ல் காட்டினர். புது மருந்து தேடுவோருக்கு அது ஒரு குறி.