ஈர மணலுக்கு ஒரு மணி நேரம்: கான்கிரீட் மாநாட்டில் பேசத் தலைப்பு அனுப்புவது எப்படி?

கான்கிரீட், கொத்துவேலைத் தொழில் மாநாடுகளில் இயந்திரங்களும் சிமென்ட் வகைகளும் அடுக்கிய கண்காட்சி அரங்குகளுக்குப் பக்கத்திலேயே பயிற்சிக் கருத்தரங்குகளும் நடக்கும். ஆண்டுதோறும் ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் கூடும் ‘வேர்ல்டு ஆஃப் கான்கிரீட்’ இதற்குப் பேர்போனது. இந்தியாவில், 1982-இல் தொடங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் இத்தகைய கூட்டங்களை நடத்திவருகிறது. பேச்சாளர் எல்லோரையும் அமைப்பாளர்களே தேடிப் பிடிப்பதில்லை. பல மாதங்களுக்கு முன்பே முன்மொழிவு கேட்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் அனுப்பியதிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள்.

தலைப்பு, சுருக்கம், யாருக்கான அமர்வு, கேட்டுப்போகிறவர் என்ன கற்றிருப்பார், பேசுபவரின் அனுபவம் ஆகியவையே முன்மொழிவில் வழக்கமாகக் கேட்கப்படுபவை. இவற்றில் ‘என்ன கற்றிருப்பார்’ என்ற கட்டத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ‘தரமான கான்கிரீட் பற்றிய விழிப்புணர்வு’ என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும், எந்த ஊருக்கும் உதவாது. தன் நிறுவனப் பொருளை விற்கும் பேச்சும் எடுபடாது. தளத்தில் நிஜமாகவே எழும் ஒரு சிக்கல், அதற்கான கணக்கு, மறுநாள் வேலையில் செய்யக்கூடிய மாற்றம் ஆகிய மூன்றும் இருக்கும் முன்மொழிவே நிற்கும்.

அப்படிப்பட்ட சிக்கல் தென்காசி, குற்றாலம் பகுதியில் ஆனி பிறந்ததுமே வந்துவிடுகிறது. சாரல் காலத்தில் திறந்தவெளியில் கொட்டிய எம் சாண்ட் என்ற செயற்கை மணல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈர மணல் உப்பும். அளவு கால்வாசி வரை கூடக்கூடும். பெட்டியால் அளந்து போடும் தளத்தில் பெட்டி நிறைந்திருந்தாலும் உள்ளே மணல் குறைவு. தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். ஐ.எஸ். 456:2000 விதித்தொகுப்பின்படி, கனமழையிலும் நனைந்து காயும் சுழற்சியிலும் நிற்கும் கட்டுமானம் ‘கடுமையான சூழல்’ வகையைச் சேரும். அதில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்30 தரமாவது வேண்டும், தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 மடங்கைத் தாண்டக்கூடாது. 50 கிலோ மூட்டைக்கு இது 22.5 லிட்டர். மூட்டைக்கு 90 கிலோ மணல் என்று வைத்து, அதன் மேற்பரப்பு ஈரம் 5 சதவீதமானால், நாலரை லிட்டர் ஏற்கெனவே கலவைக்குள் வந்துவிடுகிறது. ஊற்ற வேண்டியது 18 லிட்டர்தான். வழக்கம்போல 22.5 லிட்டரும் ஊற்றினால் விகிதம் 0.54 ஆகிவிடும். கலவை அன்றைக்கு நன்றாகவே பரவும், பலம்தான் குறையும்.

இதே தென்காசி மாவட்டத்தின் கிழக்கே நிலைமை வேறு. ஆரியங்காவுக் கணவாய் வழியே பாயும் காற்று, சாரல் எட்டாத ஆலங்குளம், சுரண்டை பக்கம் காய்ந்த காற்றாகவே வீசுகிறது. புதிதாகப் போட்ட கூரைத் தளத்தின் மேல்ஈரத்தை அது உறிஞ்ச, கான்கிரீட் இறுகுவதற்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் விழும். இங்கே தேவை காற்றுத் தடுப்பும், மட்டம் தட்டியதும் மூடும் பாலித்தீன் விரிப்பும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அவசியந்தான், ஆனால் முதல் சில மணி நேரத்தில் விழுந்த வெடிப்பை அது மூடாது. ஒரே மாவட்டத்தில் எதிரெதிரான இரு சிக்கல்கள் என்பதே தேர்வுக்குழுவை நிமிர வைக்கும் தலைப்பு.

கொத்துவேலையிலும் விஷயம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி காசி விஸ்வநாதர் கோவிலின் ராஜகோபுரம் சிதைந்து கிடந்து, ஒன்பது நிலைகளோடு மீண்டும் கட்டப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது. ‘தென்காசிக் கோபுரத்தின் சிறப்பு’ என்பது பட்டிமன்றத்துக்கு ஆகும், கருத்தரங்குக்கு ஆகாது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு ஏன் நிற்பதில்லை என்பது ஆகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். இறுக்கமான சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிட, உப்புப் பூத்துப் பூச்சு பெயர்கிறது. மூலிகை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற குற்றாலம் சித்திர சபை போன்ற கட்டடங்களில் ஓவியம் பூச்சின் மேல்தான் இருக்கிறது என்பதால், அங்கே இந்தத் தவறுக்கு விலை அதிகம்.

பேசுபவர் யார் என்பதையும் முன்மொழிவில் யோசித்து எழுத வேண்டும். பொறியாளர் ஒருவரோடு, அதே வேலையைக் கையால் செய்யும் கொத்தனாரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஈர மணலைக் கையில் பிடித்துப் பார்த்தே தண்ணீரைக் குறைக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அந்தக் கைப்பதத்தை எடைக்கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுவதே பாதிப் பாடம். ஒரு மணி நேர அமர்வில் இருபது நிமிடம் செய்முறைக்கு ஒதுக்கலாம். ஒரு தராசு, மணலை வறுக்க அடுப்பும் வாணலியும், கலவையின் இளக்கம் பார்க்கும் சரிவுக் கூம்பு ஆகியவை போதும். இவற்றை அரங்கத் தேவைகள் பகுதியிலேயே எழுதிவிட வேண்டும். மூடிய அரங்கில் அடுப்பு மூட்ட முன்அனுமதி கேட்பார்கள்.