வீடு தேடி வரும் கண்ணாடிக்காரரின் விளம்பரம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே விரிந்து கிடக்கும் பீனிக்ஸ் மாநகரைச் சுற்றி ஓடும் அகன்ற நெடுஞ்சாலைகளில், முன்னே செல்லும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஒரு சிறு கல், பின்னால் வரும் காரின் முன்கண்ணாடியில் மிளகளவு வடு ஒன்றைப் பதித்துவிட்டுப் போவது, அங்கே கார் வைத்திருக்கும் எவருக்கும் நேரக்கூடிய சாதாரண அனுபவம். அந்த வடுவைச் சீர்செய்யவோ, கண்ணாடியையே கழற்றிப் புதியது பொருத்தவோ, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லும் சிரமத்தை வாடிக்கைக்காரருக்கு வைக்காமல், வீட்டு வாசலுக்கும் அலுவலக வாகன நிறுத்தத்துக்கும் தாமே வேனில் வந்து வேலையை முடித்துக் கொடுக்கும் தொழிலாளர்கள் அந்நகரில் ஏராளம். கட்டிடம் வேண்டாம், வாடகை வேண்டாம். ஒரு வேனும், கருவிகளும், பழகிய கையும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதால் இத்தொழிலில் புதியவர்கள் இடைவிடாமல் வந்து சேர்கிறார்கள். வந்து சேர்ந்த பிறகு அவர்களை எதிர்கொள்ளும் முதல் பிரச்சினை, தாம் இருப்பதை ஊராருக்கு எப்படித் தெரிவிப்பது என்பது.

இந்தத் தொழிலின் விளம்பரம் மற்ற விளம்பரங்களினின்று அடிப்படையிலேயே வேறுபடுகிறது. புடவையோ கைக்கடிகாரமோ விற்பவர், பார்ப்பவர் மனத்தில் ஆசையை எழுப்பி வியாபாரத்தை வளர்க்கலாம். கண்ணாடி உடைய வேண்டும் என்று ஆசைப்படுவார் யாருமில்லை. உடையாதவரை அதைப் பற்றி நினைப்பாரும் இல்லை. உடைந்த அன்றோ, பத்திருபது நிமிஷங்களுக்குள் யாரையாவது அழைத்தாக வேண்டும் என்ற அவசரம் பிறந்துவிடுகிறது. ஆகவே, வருஷம் முழுவதும் அக்கறையில்லாதிருக்கும் மனிதர்களின் ஞாபகத்தில் ஒரு மூலையில் இடம்பிடித்து, அந்த ஒரு நாளில், அந்தச் சில நிமிஷங்களில், தம் பெயர் முதலில் நினைவுக்கு வரும்படி செய்துகொள்வதுதான் இந்த விளம்பரத்தின் முழு நோக்கமும் ஆகும்.

அந்த அவகாசம் குறுகியதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் பலர் கண்ணாடி உடைந்ததும் காப்பீட்டு ஸ்தாபனத்தை அழைக்கிறார்கள். அங்கிருந்து அந்த ஸ்தாபனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய கம்பெனிக்கு வேலை போய்விடுகிறது. 1947ஆம் ஆண்டில் கான்ஸஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தோன்றி, இன்று ஒஹையோவின் கொலம்பஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் சேஃப்லைட், நாடு முழுவதும் கண்ணாடி பொருத்துவதோடு, பல காப்பீட்டு ஸ்தாபனங்களுக்காகக் கண்ணாடிக் கோரிக்கைகளைப் பெற்றுக் கவனிக்கும் பணியையும் தன் பிரிவொன்றின் மூலம் செய்துவருகிறது. தமக்கு விருப்பமான பட்டறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பல மாநிலங்களின் சட்டம் வாடிக்கைக்காரருக்கு அளித்திருந்தும், அந்த உரிமை தமக்கு இருப்பதையே அறியாதவர் பலர். புதிதாகத் தொடங்கிய தனி மனிதரின் விளம்பரம், காப்பீட்டுக்காரரை அழைக்கும் தொலைபேசியைக் கையில் எடுப்பதற்கு முன்னமே வாடிக்கைக்காரரைச் சென்றடைய வேண்டியிருக்கிறது.

பெரிய கம்பெனிகள் இந்த ஞாபக வேலையை எப்படிச் செய்தன என்பது கவனிக்கத்தக்கது. சேஃப்லைட்டை 2007இல் வாங்கிய பெல்ரான் குழுமத்துக்குப் பிரிட்டனில் ஆட்டோகிளாஸ் என்ற கிளை உண்டு. அந்தக் கிளை பல ஆண்டுகள் வானொலியில் விடாமல் செய்துவந்த விளம்பரங்களில், நடிகர்களுக்குப் பதிலாகக் கம்பெனியின் தொழிலாளர்களே தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, சிறிய வடுவை ஏன் உடனே சீர்செய்ய வேண்டும், குளிர்காலத்திலும் மேடுபள்ளச் சாலையிலும் அது எப்படி விரிசலாக நீளுகிறது என்று நிதானமாக விளக்கினார்கள். முடிவில் ஒரு சிறு பாட்டு. கலைநயம் மிகுந்தவை என்று அவற்றை எவரும் சொல்லமாட்டார். ஆனால் வானொலியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பமான அறிவு இருந்தது என்பது என் அபிப்பிராயம்: காரோட்டிக்கொண்டே அதைக் கேட்பவரின் கண்ணெதிரிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், அந்த வடு இருக்கிறது. அதோடு, நாளை தம் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகும் மனிதரின் குரலை அவர் முன்கூட்டியே கேட்டுவிடுகிறார். அந்நியர் ஒருவரை வாசலுக்கு வரவழைக்கும் தொழிலில் இந்த அறிமுகம் சிறிய விஷயமன்று.

தனி மனிதருக்கு வானொலி எட்டாது. அவருக்குள்ள முதல் விளம்பரப் பலகை அவருடைய வேன்தான். பெயரும் தொலைபேசி எண்ணும் இரண்டு வண்டி தூரத்திலிருந்து படிக்கும்படி எழுதப்பட்ட வேன், ஒரு தெருவில் ஒருவருக்கு வேலை செய்துகொண்டு நிற்கும் ஒரு மணி நேரமும் அக்கம்பக்கத்தாருக்கு விளம்பரமாகிறது. துண்டுப் பிரசுரம் அச்சடிப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அமெரிக்காவில் தபால்தலை ஒட்டாத விளம்பரத் தாளை வீடுகளின் தபால் பெட்டியில் போடுவது மத்திய சட்டப்படி குற்றம். அதற்குப் பதிலாகக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகும் அட்டைகள் அங்கே வழக்கத்தில் உள்ளன. இணையத்திலோ, வரைபடத்தில் தம் சேவைப் பிரதேசத்தைக் குறித்து வைப்பதும், வேலை முடித்தவர்களிடம் கருத்தெழுதக் கேட்பதும் இன்று தவிர்க்க முடியாதவை; ஆனால் பொய்யான பாராட்டுகளை எழுதுவதையும் விலைகொடுத்து வாங்குவதையும் தடைசெய்து அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பிறப்பித்த விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விடப் பயன் தருவது, பழைய கார் விற்பனையாளர்களைத் தேடிப் போவது. ஐம்பது அறுபது பழைய கார்களை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கும் வியாபாரியிடம் எப்போதும் வடுப்பட்ட கண்ணாடிகள் சில இருந்தே தீரும். வாங்க வருபவர் கண்ணில் முதலில் படுவதும் அதுவே. வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து அவற்றைச் சீர்செய்து கொடுப்பவருக்கு நிலையான வருமானமும், கைப் பழக்கமும், அந்த வியாபாரியின் வாய்வழிச் சிபாரிசும் சேர்ந்து கிடைக்கின்றன. வாடகைக் கார் நிலையங்களும், பல வேன்களை வைத்து நடத்தும் குழாய்ப் பணிக்காரர், மின்பணிக்காரர் முதலியோரும் இவ்விதமே. அனுபவசாலிகள் புதியவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வழியைத்தான்.

இனி, விளம்பரத்தில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருவோம். அதற்குக் கண்ணாடியின் தன்மையைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். காரின் முன்கண்ணாடி ஒரே தகடு அன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டிய அடுக்கு. 1903இல் பாரிஸ் நகரில் எடுவார் பெனடிக்டஸ் என்ற இரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் தவறி விழுந்த கண்ணாடிக் குடுவை ஒன்று, உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் நொறுங்கியும் சிதறாமல் நின்றதிலிருந்து பிறந்த யோசனை இது. 1909இல் அவர் அதற்குக் காப்புரிமை கோரினார். கல் படும்போது பெரும்பாலும் வெளித் தகடு மாத்திரமே காயப்படுகிறது. அந்த வடுவுக்குள் புகுந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் தெளிந்த பிசினைச் செலுத்தி, புறஊதா ஒளியால் இறுகச் செய்தால், விரிசல் மேலும் பரவாமல் நின்றுவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வியாபார ரீதியாகப் பரவத் தொடங்கிய இந்த முறைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் வடு முழுவதும் மறைவதில்லை. மங்கலான தழும்பு ஒன்று பெரும்பாலும் எஞ்சும். ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட வடுவையும், கண்ணாடியின் விளிம்பை எட்டிவிட்ட விரிசலையும், ஓட்டுபவரின் நேர்ப் பார்வையில் அமைந்த காயத்தையும் சீர்செய்வதைவிட மாற்றுவதே பொதுவாக உசிதம்.

மாற்றுவதோ பொறுப்பு மிகுந்த வேலை. கார் கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்குவதில் முன்கண்ணாடிக்குப் பங்குண்டு. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது பல கார்களில் முதலில் கண்ணாடியில் மோதி, அதை முட்டாகக் கொண்டுதான் பயணியின் பக்கம் திரும்புகிறது. கண்ணாடி பெயர்ந்துபோனால் காற்றுப்பையால் பயனில்லை. அந்தக் கண்ணாடியைச் சட்டத்தோடு பிணைத்து நிறுத்துவது யூரிதேன் என்னும் பசை. அது காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று இறுகுவது. எனவே பசையின் வகையையும், அன்றைய வெப்பத்தையும், ஈரப்பதத்தையும் பொறுத்து, வண்டியைப் பத்திரமாக எடுக்கலாம் என்ற நேரம் ஒரு மணியாகவும் இருக்கலாம், பல மணியாகவும் இருக்கலாம். பீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச உஷ்ணம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அத்தகைய வறண்ட வெயிலில் வாசலில் நின்று வேலை செய்பவர் நிழற்கூடாரம் கொண்டுவருகிறாரா, பசையின் கணக்கை அறிந்தவரா என்பது வாடிக்கைக்காரரின் உயிரைத் தொடும் கேள்வி. போதாக்குறைக்கு, இக்காலத்துக் கார்களில் கண்ணாடியின் உட்புறம் பொருத்தப்பட்ட காமிரா, சாலைக் கோட்டையும் எதிரில் வருவதையும் பார்த்துப் பிரேக்கைத் தானே இயக்கும் பொறிக்குக் கண்ணாக இருக்கிறது. கண்ணாடியை மாற்றியபின் அந்தப் பார்வையை மறுபடி சரிக்கட்டாவிட்டால் அது தவறாகக் கணிக்கலாம்.

இவ்வளவு சொல்வதற்கு இருந்தும், இத்தொழிலில் பலர் தேர்ந்துகொண்ட விளம்பரம் வேறு. அதன் விளைவை ஃபுளோரிடா மாநிலத்தின் வரலாறு காட்டுகிறது. விரிவான காப்பீடு எடுத்தவரின் முன்கண்ணாடிக்கு, செலவில் அவர் தாமே ஏற்க வேண்டிய முதற்பங்கு என்று எதையும் வசூலிக்கக்கூடாது என்பது அம்மாநிலத்துச் சட்டம். உடைந்த கண்ணாடியோடு ஏழையும் அஞ்சி நிற்காமல் உடனே மாற்றிக்கொள்ளட்டும் என்பது அதன் நல்ல நோக்கம். ஆனால் செலவு காப்பீட்டு ஸ்தாபனத்தினுடையது, வாடிக்கைக்காரருக்கு ஒரு காசும் இல்லை என்ற நிலையில், விலையைக் குறைத்துப் போட்டியிடுவதற்கே இடமில்லாமல் போயிற்று. அந்த இடத்தில் சன்மானம் புகுந்தது. கார் கழுவுமிடங்களிலும் கடைகளின் வாகன நிறுத்தங்களிலும் நின்றுகொண்டு, போகிற வருகிற கார்களின் கண்ணாடியில் வடு தேடி, மாற்றிக்கொண்டால் ரொக்கம் தருகிறோம், உணவு விடுதிக்கான பரிசுச் சீட்டுத் தருகிறோம் என்று அழைக்கும் வழக்கம் பரவியது. வாடிக்கைக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்றின் மூலம் காப்பீட்டுத் தொகையைக் கேட்டுப் பெறும் உரிமை பட்டறைக்கு மாறிற்று. பட்டறை அதிகமாகக் கேட்டது, ஸ்தாபனம் குறைத்துக் கொடுத்தது, வாடிக்கைக்காரரின் பெயரால் வழக்குகள் எழுந்தன. தொடக்கத்தில் வருஷத்துக்குச் சில நூறாக இருந்த வழக்குகள் ஒரு பத்தாண்டுக்குள் பல்லாயிரமாகப் பெருகின. அந்தச் செலவு எல்லோருடைய பிரீமியத்திலும் வந்து சேர்ந்தது.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஃபுளோரிடா அரசு சட்டம் இயற்றி, கண்ணாடிக் கோரிக்கை செய்வதற்காகப் பரிசோ ரொக்கமோ மதிப்புள்ள வேறெதுவுமோ தருவதைத் தடுத்தது. கண்ணாடி வேலைக்கான அந்த உரிமை மாற்றுத் தாளையும் ஒழித்தது. காமிராவைச் சரிக்கட்ட வேண்டியிருக்குமா என்பதை வாடிக்கைக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்கும்படியும் பணித்தது. அரிசோனாவில் முதற்பங்கில்லாத கண்ணாடிக் காப்பீட்டை விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே இத்தனை டாலர் திருப்பித் தருகிறோம் என்ற விளம்பரங்களைச் சாலையோரங்களில் சர்வ சாதாரணமாகக் காணலாம். நாணயமாகத் தொழில் செய்ய வரும் இளைஞர், தாமும் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பிழைக்க முடியாதோ என்று கலங்குவது இயற்கை. அந்தப் பாதையில் இறங்குபவர், கொடுத்ததை ஈடுகட்ட மட்டமான பசைக்கோ, அவசர வேலைக்கோ, பெருக்கிய பில்லுக்கோ போயே தீர வேண்டியிருக்கும் என்பதும், சீர்செய்தால் போதும் என்றிருக்கும் சிறு வடுவுக்கும் முழுக் கண்ணாடியை மாற்றும்படி சொல்ல அவருடைய வருமானமே அவரைத் தூண்டும் என்பதும்தான் என்னை வருத்தும் விஷயங்கள்.

ஆகவே, புதியவரின் விளம்பரம் கற்பிப்பதாக இருக்கட்டும். எந்த வடுவைச் சீர்செய்யலாம், எதை முடியாது. தழும்பு எவ்வளவு எஞ்சும். எத்தனை மணி நேரம் வண்டியை எடுக்கக்கூடாது. காமிரா வேலையைத் தாமே செய்வாரா, வேறெங்கேனும் அனுப்புவாரா. காப்பீட்டுக்குப் போகாமல் கைப்பணம் கொடுத்தால் என்ன ஆகும். இவற்றைத் தம் வேனிலும் அட்டையிலும் இணையத்திலும் தெளிவாக எழுதி வைப்பவரை, வடு விழுந்த அன்று ஜனங்கள் ஞாபகம் வைத்திருந்து அழைப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரிட்டனில் வானொலியில் ஒலித்த அந்தத் தொழிலாளர்களின் குரல் செய்ததும் இதுவே.

நம் நாட்டிலும் வீட்டு வாசலில் கண்ணாடி மாற்றிக் கொடுக்கும் சேவைகள் பெரு நகரங்களில் நடக்கின்றன. இங்கே மோட்டார்க் காப்பீட்டில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் கட்டாய முதற்பங்கு உண்டு. கோரிக்கை செய்தால், 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் கோரிக்கையில்லாச் சலுகை, அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திராதவருக்குப் போய்விடும். மிளகளவு வடுவுக்கு இந்தச் சலுகையை இழப்பதா, கையிலிருந்து கொடுத்துச் சீர்செய்துகொள்வதா என்று கணக்குப் பார்க்க வேண்டியவர் வண்டிக்காரரே.

அரிசோனாவிலோ ஃபுளோரிடாவிலோ வசிக்கும் நம்மவரும், சென்னையிலோ கோவையிலோ கார் வைத்திருப்பவரும், வாசலில் வந்து நிற்கும் கண்ணாடிக்காரரிடம் சாவியைக் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் சீர்செய்ய முடியாதா, என்ன பசை, எப்போது வண்டியை எடுக்கலாம். அவர் கையெழுத்துக் கேட்டு நீட்டும் தாள் எதுவாக இருந்தாலும் முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.