துறைமுக வாசலில் நடக்கும் ரகசிய விருந்து!

கனடாவின் விக்டோரியா நகரத்துக்குக் கப்பலில் போகிறீர்களா? துறைமுகம் நெருங்கியதும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடிவந்து மலையையும் கடலையும் படமெடுப்பார்கள். நீங்கள் மட்டும் மக்லாக்லின் முனைப் பக்கம் திரும்புங்கள். ஒரு காலத்தில் எண்ணெய்த் தொட்டிகள் நின்ற பாறைக்கரை அது. இப்போது அங்கே கூரையில் செடிகொடிகளோடு ஒரு கட்டடம் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஊரின் அத்தனை கழிவறைகளும் அங்கேதான் வந்து முடிகின்றன. ஆமாம், நீங்கள் தங்கப்போகும் ஹோட்டலின் கழிவறையும்தான்!

வாங்க, தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்க்கலாம். முதலில் கம்பிச் சல்லடை, அப்புறம் மணல் பிரிப்பு. நகரத்துப் பக்கத்துச் சாக்கடை, துறைமுகத்துக்கு அடியில் ஏறக்குறைய 1 கிலோமீட்டருக்குத் துளைத்துப் பதித்த குழாய் வழியாக இக்கரைக்கு வருகிறது. மேலே படகுகள், கடல் விமானங்கள், கீழே இது! யாருக்காவது தெரியுமா?

ஆலைக்குள் வந்ததும் கனமான கசடு அடியில் தங்கிவிடும். அடுத்த தொட்டிதான் எனக்கு உயிர். லட்சக்கணக்கான சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் தண்ணீரில் மிதந்து சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொன்றின் இடுக்கிலும் வழவழவென்று பாக்டீரியாப் படலம். கீழிருந்து காற்றைக் குமிழ்குமிழாக ஊத ஊத, பாக்டீரியாக்களுக்குப் பசி கிளம்பி, கரைந்திருக்கும் அழுக்கையெல்லாம் தின்று தீர்க்கின்றன. பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. இரவு பகல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது! மிச்சம்மீதியை இன்னொரு உயிரி வடிகட்டியும், கடைசியில் வட்டு வடிகட்டிகளும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு 10.8 கோடி லிட்டரை இப்படிச் சுத்திகரிக்க முடியும். சேர்ந்த கசடோ, தனிக்குழாயில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் பயணம் செய்து ஹார்ட்லாண்ட் குப்பைக்கிடங்குக்குப் போய், அங்கே செரிக்கப்பட்டு உலர்த்தப்படுகிறது.

இவ்வளவும் 2020 கடைசியில்தான் வந்தது என்றால் நம்புவீர்களா? அதுவரை, இத்தனை அழகான ஊர், சல்லடையில் சலித்த சாக்கடையை அப்படியே கடலில் விட்டுக்கொண்டிருந்தது. நீரோட்டம் வேகமானது, கடலே கரைத்துவிடும் என்று சில விஞ்ஞானிகளே வாதாடினார்கள். கடலுக்கு அக்கரையில் இருக்கிற அமெரிக்கர்கள் கொதித்தார்கள். விக்டோரியாவுக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்ற குரலும் எழுந்தது.

அப்போது, 2004இல், களத்தில் குதித்தார் மிஸ்டர் ஃப்ளோட்டி! ஆளுயர மலக்கட்டி வேஷம், தலையில் மாலுமித் தொப்பி. உள்ளே இருந்தவர் ஓர் ஆசிரியர். ஊர்வலமெல்லாம் போய், 2005இல் மேயர் தேர்தலிலேயே நிற்கப் பார்த்தார்! ஊரே சிரித்தது, ஆனால் வாய்விட்டுப் பேசக் கூசிய விஷயத்தைத் தெருவில் நின்று பேச வைத்தவர் அவர்தான். அந்தத் துணிச்சலுக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். 2012இல் கனடா அரசின் விதிமுறையும் சாக்கடையைச் சுத்திகரிக்கக் கெடு வைத்தது. 77.5 கோடி கனடா டாலர் செலவில் திட்டம் நிறைவேறியது.

என்னைக் கேட்டால், செலவழித்த ஒவ்வொரு டாலரும் தகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கடற்கரை ஊரில் தங்கினாலும் ஈரத் துடைப்புத் தாளையும் சமையல் எண்ணெயையும் குழாய்க்குள் போடாதீர்கள். அவற்றைப் பாக்டீரியாக்களிடம் விட்டுவிட முடியாது. ஆலைக்குப் போய்ச் சேரும் முன்பே அவை குழாயை அடைத்துவிடும்.