கோடு விழுந்தால் நாய்க்கு நோய் என்று அர்த்தமா?

மாணவர்களே, கோவிட் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு, சோதனைக் கருவியில் இரண்டாவது கோடு விழுகிறதா என்று பதைபதைப்போடு பார்த்திருப்பீர்கள். பிரேசில் நாட்டில் அதே போன்ற ஒரு சிறிய கருவியில் நாயின் இரத்தத்தை ஒரு சொட்டு விடுகிறார்கள். கோடு விழுந்து, அடுத்து ஆய்வுக்கூடச் சோதனையும் அதையே சொன்னால் அந்த நாயைக் கொன்றுவிடுவது அங்கே பல ஆண்டுகளாக அரசின் நோய்த்தடுப்பு நடவடிக்கை. அப்படியானால் அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

நோயின் பெயர் உள்ளுறுப்பு லெயிஷ்மேனியா நோய். ஒரே ஓர் உயிரணுவால் ஆன ஒட்டுண்ணிதான் இதற்குக் காரணம். பரப்புவது மணல் ஈ. கொசுவை விடச் சிறியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பறக்கும் சத்தமே கேட்காது. பெண் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி உடலுக்குள் நுழைகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க நம் உடலில் விழுங்கணுக்கள் இருக்கின்றன அல்லவா? இந்த ஒட்டுண்ணி அந்த விழுங்கணுவுக்குள்ளேயே வாழ்ந்து பெருகுகிறது. திருடன் காவல் நிலையத்திலேயே குடியேறிய மாதிரி! பிறகு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகிறது. மனிதருக்கு வந்து சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். நாய் நக்குவதால் இது நமக்கு வருவதில்லை. நாயைக் கடித்த மணல் ஈ பின்னர் மனிதரைக் கடிக்க வேண்டும்.

இந்த ஒட்டுண்ணியின் வரலாற்றில் மதராஸுக்கும் ஓர் இடம் உண்டு. 1903இல் வில்லியம் லெயிஷ்மேன் என்ற இராணுவ மருத்துவர், கல்கத்தாவுக்கு அருகில் டம்டம்மில் காய்ச்சல் கண்டு இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தாம் பார்த்த நுண்ணிய உருவங்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் மதராஸில் பணியாற்றிய சார்ல்ஸ் டோனோவன், தம் நோயாளிகளின் மண்ணீரலிலும் அவற்றைக் கண்டார். மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரோஸ், இருவர் பெயரையும் சேர்த்து 'லெயிஷ்மேனியா டோனோவானி' என்று பெயர் வைத்தார். இந்தியாவில் காலா அசார் என்று சொல்லப்படும் நோய் இந்த வகையால் வருவது. அது மனிதரிலிருந்து மனிதருக்கே ஈயின் வழியாகப் பரவுகிறது. நாய்களைத் தாக்குவது அதன் நெருங்கிய உறவான 'லெயிஷ்மேனியா இன்ஃபன்டம்'. மத்தியதரைக்கடல் நாடுகளிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படுவது அதுதான். நாய்களிடம் இந்தத் தொற்று இருப்பதை 1908இல் துனிஸ் நகரில் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் நிக்கோல்.

நோயுற்ற நாய் மெலியும். கண்ணைச் சுற்றி முடி கொட்டும். நகங்கள் அளவுக்கு மீறி நீண்டு வளையும். நிணநீர்க் கணுக்கள் வீங்கும். சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடியும். ஆனால் ஈ கடித்துப் பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் கழித்தே இவை தெரியவரும். தொற்றுள்ள நாய்களில் பல, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆகவே கால்நடை மருத்துவர் கண்ணை மட்டும் நம்ப முடியாது.

லெயிஷ்மேனும் டோனோவனும் செய்த வழி இன்றும் இருக்கிறது. நிணநீர்க் கணுவிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஊசியால் சிறிது எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் படாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பி.சி.ஆர். சோதனை ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. இங்கே ஒரு வசதி: இந்த ஒட்டுண்ணியின் மைட்டோகாண்டிரியாவுக்குள் சங்கிலி வளையங்கள் போலக் கோத்த சுமார் 10,000 சிறு டி.என்.ஏ. வளையங்கள் உள்ளன. ஒரே ஓர் ஒட்டுண்ணி இருந்தாலும் தேடுவதற்கு ஆயிரக்கணக்கான இலக்குகள்!

ஆனால் ஆயிரக்கணக்கான நாய்களைச் சோதிக்கும்போது செலவு குறைந்த இரத்தச் சோதனைதான் கைகொடுக்கும். தொடக்கத்தில் சொன்ன கருவி அந்த வகை. கோவிட் கருவி கிருமியின் புரதத்தைத் தேடியது. இந்தக் கருவியோ கிருமிக்கு எதிராக நாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் இருக்காது. இருந்தாலும், நாய்க்கு நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல. வேறோர் ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருளும் சில சோதனைகளை ஏமாற்றிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. பென்சிலை எடுங்கள், எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. ஓர் ஊரில் 1,000 நாய்கள். 50 நாய்களுக்குத் தொற்று இருக்கிறது. சோதனை 90 விழுக்காடு சரியானது என்று வைத்துக்கொள்வோம். தொற்றுள்ள 50இல் 45ஐக் கண்டுபிடிக்கும். தொற்றில்லாத 950இல் 10 விழுக்காட்டை, அதாவது 95 நாய்களையும் தவறாகக் காட்டிக்கொடுக்கும். மொத்தம் 140 நாய்களுக்குக் கோடு விழும். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, தொற்றே இல்லாதவை! '90 விழுக்காடு சரி' என்றதும் பத்தில் ஒன்றுதான் தப்பு என்று நினைத்தீர்களா? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதிலும் அதுதான்.

அதனால்தான் பிரேசிலில் கருவிக்குப் பிறகு எலைசா என்ற இரண்டாவது சோதனையும் கட்டாயம். அதுவும் 90 விழுக்காடு சரி என்றால், 95 தவறுகள் சுமார் 10 ஆகக் குறையும். 45இல் சுமார் 40 மிஞ்சும். நன்றாக இருக்கிறதே என்கிறீர்களா? இரண்டு சோதனைகளிலும் சேர்த்து, தொற்றுள்ள சுமார் 10 நாய்கள் தப்பித்து ஊருக்குள்ளேயே இருக்கும். இரத்தம் எடுத்த நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் நடுவே ஈக்கள் சும்மா இருப்பதில்லை. நாயை இழந்த வீட்டார் புதிய குட்டி ஒன்றை வாங்கி வருவார்கள், அதற்கும் தொற்றும். நாய்களைக் கொல்வது மட்டும் நோயைக் கட்டுப்படுத்தவில்லை என்று பல ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மணல் ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் மருந்து கலந்த கழுத்துப்பட்டைகள் இப்போது அங்கே நாய்களுக்கு மாட்டப்படுகின்றன. 2016 முதல் மில்டெஃபோசின் என்ற மருந்தை நாய்களுக்குக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

சிகிச்சை பெற்ற நாய் தேறினாலும் ஒட்டுண்ணி முழுதாக ஒழிவது அரிது. எனவே அதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்: முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எதிர்ப்பொருள் மெதுவாகத்தான் குறையும் என்பதால் மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது சிறுநீரை. இந்நோயில் பல நாய்களைக் கொல்வது சிறுநீரகப் பாதிப்புதான். சிறுநீரில் கிரியேட்டினினுடன் ஒப்பிடும்போது புரதத்தின் விகிதம் 0.5ஐத் தாண்டினால், சிறுநீரக வடிகட்டியில் ஓட்டை விழத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாயைப் பின்தொடர்ந்து போனால் சில சமயம் வேறு விலங்கிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். ஸ்பெயினில் மட்ரிட் அருகே உள்ள ஃபுயன்லாப்ராடா நகரில் 2009 முதல் மனிதருக்கு இந்நோய் திடீரெனப் பெருகியது. 2012க்குள் 400க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். எல்லாரும் முதலில் நாய்களைத்தான் சந்தேகித்தார்கள். சோதித்துப் பார்த்தால், நாய்களிடம் தொற்று வழக்கத்தைவிடக் கூடவில்லை. நகருக்குப் பக்கத்தில் புதிதாக அமைந்த பெரிய பூங்காவில் முயல்களும் காட்டு முயல்களும் ஏராளமாகப் பெருகியிருந்தன. ஆய்வாளர்கள் காட்டு முயல்களைப் பிடித்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான மணல் ஈக்களை அவற்றின் மேல் விட்டார்கள். இரத்தம் குடித்த ஈக்களைச் சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தபோது, குடலுக்குள் ஒட்டுண்ணிகள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன.