தாமஸ் மன்றோவின் வாழ்வும் உரிமைப்பேறும்: பாராமகால் நிலவரியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மன்றோ, ரீடு, பாராமகால், இரயத்துவாரி, மிட்டா.

முன்னுரை

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தின் நிலவரி வரலாறு பேசப்படும் இடங்களில் தாமஸ் மன்றோவின் பெயரே முன்நிற்கிறது. இரயத்துவாரி முறையை அவர் தனித்து உருவாக்கினார் என்பதும், அது இம்மண்ணில் இடையறாது தொடர்ந்தது என்பதும் பொதுக்கருத்து. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அப்படைவீரர் பெற்றதும் விட்டுச்சென்றதும் எவை என ஆராய்ந்தால், இக்கருத்தில் இரு திருத்தங்கள் தேவை என்பது புலப்படும்.

பிறப்பும் பட்டமும்

மன்றோ 1761 மே 27 அன்று கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ வர்ஜீனியாவுடன் வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வணிகம் நொடித்தமையால், தந்தைவழிச் சொத்தை நம்பி வாழும் நிலை மகனுக்கு வாய்க்கவில்லை. 1780 சனவரியில் கம்பெனிப் படையின் பயிற்சி வீரராகச் சென்னை வந்து, ஐதர் அலிக்கு எதிரான போரில் பங்கேற்றார். 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார். 1825இல் பாரனெட் பட்டம் பெற்றார். தலைமுறை வழியாக இறங்கும் இப்பட்டம், அவர் 1827 சூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவால் இறந்தபின் மகனைச் சேர்ந்தது.

பாராமகாலில் கற்றது

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. அதனை நிருவகிக்க அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர் மூவர்: வடபகுதிக்குக் கிரகாம், நடுப்பகுதிக்கு மன்றோ, தென்பகுதிக்கு மெக்லியோட். கிருஷ்ணகிரி கிரகாமின் பொறுப்பில் இருந்தது. மன்றோ தருமபுரியிலிருந்து பணியாற்றினார். மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. அவ்வாண்டிலேயே மன்றோ கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றப்பட்டார்.

நிலத்தை அளந்து, இடைநிலையாளரின்றி உழவருடன் நேரடியாகத் தீர்வை முடிவுசெய்யும் முறை ரீடின் தலைமையில் உருவானது. மன்றோ அதனை இங்கே கற்று, 1800 முதல் 1807 வரை கடப்பை, பல்லாரி உள்ளிட்ட பகுதிகளில் விரிவாக்கினார். எனவே அவரை அம்முறையின் ஒரே தந்தையாகக் கொள்ளாமல், முதன்மை வழித்தோன்றலாகக் கொள்வதே பொருந்தும். இது முதல் திருத்தம்.

அறுந்த மரபு

வங்காளத்தின் நிலையான நிலவரித் திட்டத்தைப் பின்பற்றி, 1802 முதல் சேலம் மாவட்ட நிலங்கள் மிட்டாக்களாகப் பகுக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. உழவருக்கும் அரசுக்கும் இடையே மிட்டாதாரர் புகுந்தனர். இரயத்துவாரி தான் பிறந்த மண்ணிலேயே கைவிடப்பட்டது. வரி செலுத்த இயலாத மிட்டாதாரர் பலர் உரிமை இழக்க, அரசிடம் மீண்ட நிலங்களில் அம்முறை மறுபடியும் நடைமுறைக்கு வந்தது. எஞ்சிய மிட்டாக்களும் சமீன்களும் 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தால் முடிவுற்றன. ஆகவே இவ்வட்டாரப் பட்டாக்கள் அனைத்தும் 1792இலிருந்து ஒரே தொடர்ச்சியாக வந்தவை அல்ல. இது இரண்டாவது திருத்தம்.

முடிவுரை

மன்றோவின் பட்டம் ஒரு குடும்பத்துக்குள் இறங்கியது; அவர் பரப்பிய நிலவரி முறையோ மாகாணம் முழுவதற்கும் உரிமைப்பேறாயிற்று. ஓசூரில் தொழிற்பேட்டைகள் பெருகி, விளைநிலம் தொழில்மனையாக மாறும் இக்காலத்தில், இழப்பீடு யாருக்கு உரியது என்ற வினா பட்டாவிலிருந்தே தொடங்குகிறது. பட்டாவில் பெயர் இல்லாத குத்தகை உழவர் அவ்வினாவின் விளிம்பிலேயே நிற்கிறார். ஆதலின், இவ்வட்டார நிலவுரிமையை ஆய்வோர் மன்றோவின் பெயரோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு சிற்றூரும் இரயத்துவாரியாக இருந்ததா, மிட்டாவாக இருந்ததா, சமீனாக இருந்ததா என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.