உடைய வேண்டியது எது?
அந்தமானின் பவளத்திட்டுகள் மேல் அலைச்சறுக்குக்குப் போகிறவர்களின் பயணம் பலகையை நம்பி இல்லை; அதன் அடியில் இருக்கும் கையகலத் துண்டை நம்பி இருக்கிறது.

லிட்டில் அந்தமானின் பவளத்திட்டுகளில் கடல் வற்றும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட நிற்காத இடங்கள் உண்டு. அலை உடைவது அந்தத் திட்டுகளின் மேல்தான். ஒன்பதடிப் பலகையின் அடியில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம். சறுக்கி வந்தவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். கரைக்கு வந்து பலகையைக் கவிழ்த்துப் பார்க்கும்போதுதான் நிஜமான கேள்வி எழும்: உடைந்தது ஃபின்னா, பலகையா?

ஃபின் என்றால் பிரச்சினை சிறிது. மாற்று ஃபின் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. அது பதிந்திருந்த குழியே பெயர்ந்துவிட்டது என்றால் கதை வேறு. பலகையின் உள்ளே இருப்பது நுரைப்பஞ்சு. மேலே போர்த்திய கண்ணாடி நாரிழை கிழிந்ததும் அது உப்புத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். நாள்கணக்கில் காயவைத்து, பிசின் ஊற்றி, தேய்த்து, புதுக்குழி பதிக்க வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து – 2024-ல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது – ஏழெட்டு மணி நேரம் கப்பலில் வந்து சேரும் ஹட் பேயில் இதையெல்லாம் நம்பி இறங்க முடியாது. சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்றால், கப்பலுக்கு போர்ட் பிளேர் வரையே சுமார் மூன்று நாள் ஆகும். அதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

அந்தமான் அலைகளை வெளியுலகம் கண்டுகொண்டது 1990களின் இறுதியில். வெளிநாட்டு சர்ஃபர்கள் படகேறி வந்து சறுக்கிப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான ‘திக்கர் தேன் வாட்டர்’ என்ற படத்தில் இந்தத் தீவுகளின் அலைகளும் இடம்பெற்றன. குமாரி பாயிண்ட் என்ற பெயர் உலக சர்ஃபர்களின் வாயில் புழங்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள், பருவமழைக்கு முந்திய மார்ச் முதல் மே வரையான மாதங்களில் இங்கே ஒழுங்காக வந்து சேர்கின்றன. 2025-ல் பட்லர் பே கடற்கரையில் லிட்டில் அந்தமான் புரோ என்ற தேசிய அளவிலான போட்டியே நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகை பழகும் இளைஞர்களுக்கு அந்தமான் இனி எட்டாத கனவு அல்ல. ஆனால் மணல் கடலில் பழகிய பலகையை அப்படியே பவளத்தின் மேல் கொண்டுபோவதில்தான் சிக்கல்.

ஃபின் செய்யும் வேலையைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது சுக்கான் அல்ல; தானாகத் திரும்பாது. பலகையைத் திருப்புவது சறுக்குகிறவரின் காலும் இடுப்பும். பாய் விரித்த கட்டுமரம் பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் ஒரு பலகையை இறக்குவார்களே, அதுபோன்ற வேலைதான் ஃபின்னுக்கும். அது இல்லாவிட்டால் பலகையின் பின்பகுதி, சேற்றில் சறுக்கும் லாரி மாதிரி, ஒரு பக்கமாகப் போய்விடும்.

இந்த எளிய விஷயம் 1935 வரை யாருக்கும் தோன்றவில்லை என்பது வேடிக்கை. ஹவாய்த் தீவுகளில் நூற்றாண்டுகளாக மக்கள் ஃபின் இல்லாத பலகையில்தான் சறுக்கினார்கள். டாம் பிளேக் என்ற அமெரிக்கர் கைவிடப்பட்ட மோட்டார் படகு ஒன்றின் அடிக்கட்டையைக் கழற்றித் தன் பலகையின் அடியில் பொருத்திப் பார்த்தார். வைக்கிக்கி கடற்கரையில் அன்றுதான் பலகை சொன்ன பேச்சைக் கேட்டது. நாற்பது ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின் பலகையோடு கிளம்பி 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை அள்ளினார். அவருடைய நாட்டுக்காரரான சைமன் ஆண்டர்சன் ஆஜானுபாகுவான ஆள். இரட்டை ஃபின் அவர் காலுக்கடியில் வழுக்கியது. நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். 1981-ல் பெல்ஸ் பீச் போட்டியில் ராட்சத அலைகளில் அந்தப் பலகையோடு வென்றார். ‘திரஸ்டர்’ என்ற அந்த மூன்று ஃபின் அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான சின்னப் பலகைகளில் இருப்பது. பாவம், அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

ஒரு காலத்தில் ஃபின்னைப் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடுவார்கள். கழற்றி மாட்டும் வசதி 1990களில் பரவலானது. குழப்பமும் அதோடுதான் வந்தது. கம்பெனிக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு ஃபின். ஒன்றுக்கொன்று சேராது. வெளிநாட்டுப் பயணிகள் விட்டுப்போன பலகை, கை மாறி வந்த பலகை, வாடகைப் பலகை என்று புழங்கும் இடங்களில் முதலில் செய்ய வேண்டியது, பலகையைக் கவிழ்த்துக் குழியைப் பார்ப்பதுதான்.

ஒவ்வொரு ஃபின்னுக்கும் இரண்டு தனித்தனிச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டித் திருகு என்றால் அது எஃப்.சி.எஸ். நிறுவனத்தின் பழைய முறை. ஃபின்னின் அடியிலும் இரண்டு பற்கள் இருக்கும். இரண்டு குழிகள் அகலமாக, திருகே இல்லாமல் அழுத்தினால் ‘கிளிக்’ என்று உட்காரும் ரகம் என்றால் அது எஃப்.சி.எஸ். இரண்டு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ஃபின்னைப் புதிய குழியில் இடைவெளி நிரப்பும் துண்டும் திருகும் வைத்துச் சமாளிக்கலாம். புதிய ஃபின்னைப் பழைய குழியில் நுழைக்க முடியாது. ஒரே நீளமான பள்ளம், அதன் முன்முனையில் ஒற்றைத் திருகு என்றால் ஃப்யூச்சர்ஸ். அதன் ஃபின்னில் பற்கள் கிடையாது. அடிப்பகுதி முழுக்க ஒரே கட்டை. பலகையின் நடுவில் மட்டும் பத்து அங்குலத்துக்கு நீண்ட பள்ளம் ஓடினால் அது நீளப்பலகைக்கான ஒற்றை ஃபின் பள்ளம். அதில் ஃபின்னை முன்னே நகர்த்தினால் பலகை இலகுவாகத் திரும்பும். பின்னே தள்ளினால் நேர்கோடு பிடிக்கும்.

குழி தெரிந்தபின் இடமா வலமா என்ற கேள்வி. ஃபின்னின் வளைந்த நுனி எப்போதும் பலகையின் வாலைப் பார்த்துச் சாய வேண்டும். ஓர ஃபின்களின் ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் புடைத்தும் இருக்கும். தட்டை முகம் உள்ளே, புடைப்பு வெளியே. நடு ஃபின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புடைத்திருக்கும். இடத்தையும் வலத்தையும் மாற்றி மாட்டிவிட்டு, பலகை சரியில்லை என்று புலம்புகிறவர்களுக்கு எந்தக் கடற்கரையிலும் பஞ்சமில்லை.

பொருத்தம் பார்ப்பதில் சில விஷயங்கள் பழகினால் வந்துவிடும். நீளப்பலகைக்கு, அடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய கணக்கு: ஒன்பதடிப் பலகைக்கு ஒன்பது அங்குல ஃபின், கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. மீன் வால் மாதிரி பிளந்த குட்டைப் பலகைக்கு அகலமான இரட்டை ஃபின். சின்னப் பலகைக்கு மூன்று. செங்குத்தாக எழுந்து வேகமாக ஓடும் அலை என்றால் நாலு ஃபின் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அளவைத் தீர்மானிப்பது ஆளின் எடை. ஐம்பத்தைந்து கிலோ ஆசாமி எண்பது கிலோக்காரரின் ஃபின்னை மாட்டினால் பலகை திரும்ப மறுக்கும், மாறிப்போனால் வழுக்கும். பின்னோக்கி அதிகம் சாய்ந்த ஃபின் நீண்ட வளைவுக்கு ஏற்றது, நிமிர்ந்து நிற்பது வெடுக்கென்று திரும்ப ஏற்றது. பட்லர் பேயின் மணல் கடற்கரையில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். மெத்தென்ற பலகையும் வளையும் பிளாஸ்டிக் ஃபின்னும் போதும்.

பவளத்தின் மேல் போகிறவர்களுக்குத்தான் கடைசிக் கேள்வி மிச்சம் இருக்கிறது: மோதும்போது எது உடைய வேண்டும்? பலகையோடு ஒட்டிய ஃபின் மோதினால் பலகையின் அடித்தோலையும் பெயர்த்துக்கொண்டு போகும். கெட்டியான கண்ணாடி நாரிழை ஃபின் உறுதியானது, அலையில் வேகம் கொடுக்கும்; மோதினால் அந்த உறுதியே அடியைக் குழிக்குக் கடத்திவிடும். இரட்டைப் பல் ஃபின்னில் பற்கள் முறிந்து குழி பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மலிவான நைலான் ஃபின் இன்னும் சீக்கிரம் போய்விடும். வீட்டில் ஃபியூஸ் கம்பி செய்யும் காரியத்தைத்தான் அது செய்கிறது: தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுகிறது. கடைக்காரர்கள் விலையுயர்ந்த கார்பன் ஃபின்னைக் காட்டத்தான் செய்வார்கள். வேகமான அலையில் நைலான் ஃபின் நெளிந்துகொடுத்து ஓட்டத்தைக் குறைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் திரும்பிப்போக ஒரே பலகை கையில் இருக்கும்போது கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டமல்ல.

பவளத்துக்கும் நஷ்டம் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திட்டுகளைக் கட்டும் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குக் கொடுத்த இடம். 2010-லும் 2016-லும் கடல் சூடேறியதில் அந்தமான் பவளங்கள் வெளுத்துப்போய்த் தவித்தன. எனவே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் அதிகம் வற்றும் நேரங்களில் திட்டின் பக்கம் போகாமலிருப்பது ஃபின்னுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

ஹட் பே கப்பலில் ஏறுமுன் விவரமறிந்தவர்களின் பைக்குள் இருப்பவை: பலகையின் குழிக்குச் சேருகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்த இரண்டு செட் நைலான் ஃபின், ஒரு சின்ன டப்பா பிசின், உப்புத்தாள், நாலைந்து திருகுகள், ஆலன் கீ ஒன்றுக்கு இரண்டு. மணலில் விழுந்த ஆலன் கீயைத் தேடி ஒரு காலை நேரம் முழுக்கத் தொலைத்தவர்கள் அதை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.